கட்டம் சாருக்கும் ஒரு கேடயம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை சிறந்த ஆசிரியர்களுக்கும் சிறந்த பணியாளர்களுக்கும் கேடயம் கொடுப்பார்கள். கேடயம் வாங்குகிறவரைப் பற்றி மேடையில் வாசிக்கும் பாராட்டுரையை எழுதுவது என் பொறுப்பு. பதிவாளர் அலுவலகத்தில் எனக்கு வேறு வேலைகளும் உண்டு. ஆனாலும் விழா நெருங்கும் மாதத்தில் பேராசிரியர்கள் எனக்கு முந்திக்கொண்டு வணக்கம் சொல்வது இதனால்தான். ‘ஓய்வறியா உழைப்பாளி’, ‘அனைவரிடமும் இன்முகம் காட்டுபவர்’ போன்ற தொடர்களை எப்போதும் கைவசம் வைத்திருப்பேன். யாருக்கும் பொருந்தும். கட்டம் சாருக்கு மட்டும் அந்த இன்முகம் பொருந்தவில்லை.

அவர் கால அட்டவணை அலுவலர். எந்த வகுப்பு எந்த மணிக்கு எந்த அறையில் நடக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர். கீழ்த்தளத்தில், மாடிப்படிக்குப் பின்னால் அவருடைய அறை. சுவர் முழுக்க ஒரு பலகை, பலகை முழுக்கக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஊசியால் குத்திய ஓர் அட்டைத் துண்டு. கணினி வந்த பிறகும் பலகையில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கணினியில் ஏற்றுவார். பருவம் தொடங்கும்போது பேராசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, “எனக்கு இந்தத் தடவை கட்டம் சரியில்லை” என்று சொல்லிக்கொள்வார்கள். கேட்கிறவர்கள் ஜாதகம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவரிடம் வராத ஆள் கிடையாது. தத்துவத் துறைக்காரர் ஒருவருக்குப் பத்து மணிக்கு முன்னால் சிந்தனை ஓடாது. ஒருவருக்கு மாமியார் உடம்பு சரியில்லை. ஒருவருக்கு வெயில் ஆகாது, இன்னொருவருக்கு நிழல் ஆகாது. எல்லோரையும் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, சொல்வதை முழுசாகக் கேட்பார். கேட்டு முடித்ததும், “இடமில்லைங்க சார்” என்பார். அந்த இரண்டு சொற்களுக்கும் அப்பால் அவரைக் கூட்டிச் சென்றவர் யாரும் இல்லை. அட்டவணை சரியாக இருந்தால் அப்படி ஓர் ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரே அறை வாசலில் இரண்டு வகுப்புகள் முட்டிக்கொண்டு நின்றால்தான் அவருடைய அறைக்கு வழி ஞாபகம் வரும்.

அட்டவணைக்காக அவருக்கு நன்றி சொன்னவர் ஒரே ஒருவர்தான். புள்ளியியல் துறையில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. முதல் பருவம் முடிந்ததும் அறைக்குள் எட்டிப் பார்த்து, “அட்டவணை ரொம்ப வசதியா இருந்துச்சு சார்” என்று சொல்ல வந்திருக்கிறார். அவர் வாயைத் திறக்கும் முன்பே இவர் தலையைத் தூக்காமல், “இடமில்லைங்க மேடம்” என்றிருக்கிறார். எப்படியோ அந்தப் பேச்சு வளர்ந்து அடுத்த ஆண்டு கல்யாணத்தில் முடிந்தது.

கல்யாணமான கையோடு ஆசிரியர்களின் தேநீர் அறையில் ஒரு பேச்சு எழுந்தது. எழுப்பியவர் இயற்பியல் பேராசிரியர். “இனிமே நல்ல நேரம், நல்ல அறை எல்லாம் புள்ளியியலுக்குத்தான். வீட்டுலயே விண்ணப்பம் போட்டுடலாம் பாருங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கட்டம் சார் வாசலில் நின்றிருந்தார். தேநீர் எடுக்காமலே திரும்பிப் போனார்.

அடுத்த அட்டவணையில் அவர் மனைவிக்கு நான்காவது மாடியின் கடைசி அறை விழுந்தது. லிஃப்ட் மூன்றாவது மாடியோடு நின்றுவிடும். மேற்குப் பார்த்த ஜன்னல். ஜன்னலுக்கு நேர் கீழே ஜெனரேட்டர். அந்த அறைக்கு அடுப்பு என்று பெயர். நேரம், மதியச் சாப்பாடு முடிந்த உடனே. தேநீர் அறையில் பேச்சு அடங்கிப்போனது. ஆனால் அடுத்த ஆண்டும் அதே அறை, அதே நேரம். அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. அந்த அட்டைத் துண்டு பலகையில் அங்கேயே வேர் பிடித்துவிட்டது.

புள்ளியியல் டீச்சர் சண்டைக்குப் போகவில்லை. வீட்டில் அட்டவணையைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஓர் ஏற்பாடு. வளாகத்துக்குள் அவர் இவருக்கு ‘மேடம்’, இவர் அவருக்கு ‘சார்’. சாப்பிட்டுவிட்டு வந்து சொக்கி விழும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று டீச்சரே ஒரு வழி கண்டுபிடித்தார். உட்காரவே விடமாட்டார். “நேத்து அஞ்சு மணி நேரத்துக்கு மேல தூங்கினவங்க எழுந்திருங்க. ஏழுக்கு மேல தூங்கினவங்க மட்டும் நில்லுங்க, மத்தவங்க உக்காருங்க” என்று வகுப்பையே கணக்காக ஆக்கிவிடுவார். சராசரி என்றால் என்ன, விலகல் என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் கால் வலிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஜெனரேட்டரை மீற வேண்டியிருந்ததால் குரலும் நன்றாக ஏறிவிட்டது. வேறு வகுப்பு மாணவர்கள் அடுப்பின் பின்வாசலில் நின்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இப்படியே ஆண்டுகள் போயின. அவர்களுடைய மகள் பள்ளி முடித்து வேறு ஊருக்குப் படிக்கப் போய்விட்டாள். இயற்பியல் பேராசிரியர் வழுக்கையும் மூப்பும் அடைந்து விருதுக் குழுவின் தலைவரானார். அந்த ஆண்டுதான் சிறந்த ஆசிரியருக்கு மாணவர்கள் டீச்சரை முன்மொழிந்தார்கள். சிறந்த பணியாளருக்குத் துறைத் தலைவர்கள் கட்டம் சாரை முன்மொழிந்தார்கள். அவர்மேல் பாசம் என்று சொல்ல முடியாது. பக்கத்துத் துறைக்காரர் முன்மொழிந்த ஆளுக்குப் போய்விடக் கூடாது என்று பார்த்தார்கள். ஒருவருக்கும் சலுகை காட்டாத ஒரே ஆளாக அவர் மிஞ்சினார்.

குழுத் தலைவருக்குக் கவலை வந்துவிட்டது.

“ஒரே வீட்டுக்கு ரெண்டு கேடயம் போனா நாலு பேர் என்ன பேசுவாங்க?” என்று என்னிடம் கேட்டார். அந்த நாலு பேரில் முதல் ஆளாக அவரே இருந்திருக்கிறார் என்பதை நான் சொல்லவில்லை. “நீங்க போய் நைசாப் பேசுங்க. யாராவது ஒருத்தர் விட்டுக்குடுக்கட்டும். கட்டம் விட்டுக்குடுத்துடுவார். நல்ல மனுஷன்.”

நான் கட்டம் சாரிடம் போனேன். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். முழுசாகக் கேட்டார்.

“ஒரே குடும்பத்துக்கு ரெண்டு குடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கா?”

“விதி இல்லைங்க சார். ஒரு இதுக்குத்தான்...”

“இல்லேன்னா எனக்கு வேணும்.”

அவர் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நான் இந்த ரூமுக்கு வந்ததுல இருந்து எல்லாரும் என்கிட்ட எதையாவது கேட்டுத்தான் வந்திருக்காங்க. எதையாவது குடுக்கறேன்னு வந்தது இதான் முதல் தடவை. நீங்க அதையும் திருப்பிக் கேக்க வந்திருக்கீங்க.”

அதற்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை. நான்காவது மாடிக்கு ஏறினேன். வகுப்பு முடிந்து டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“அவர்கிட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன் மேடம். வேணும்னுட்டார்.”

டீச்சர் துடைப்பதை நிறுத்தினார். “அப்படியா சொன்னார்?” என்று திரும்பவும் கேட்டார். முகத்தில் கோபம் இல்லை. வீட்டுக்குள் புதிதாக ஓர் ஆளைப் பார்த்தது போல இருந்தது. “தனக்குன்னு ஒண்ணு வேணும்னு அவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை. சாப்பாட்டுல உப்பு இல்லைன்னாக்கூடக் கேக்க மாட்டார்.”

“அப்ப நீங்க விட்டுக்குடுத்துடறீங்களா மேடம்?”

“அது எப்படி? என்னோடது பசங்க குடுக்கறது. அதை விட்டுக்குடுக்க நான் யாரு?”

நான் இறங்கி வந்து தலைவரிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் மூக்கைத் தடவினார். கடைசியில், “சரி, ரெண்டு பேருக்கும் குடுத்துத் தொலைப்போம். ஆனா ஒண்ணா மேடை ஏத்த வேண்டாம். ஆசிரியர் விருதைத் தனியா, பணியாளர் விருதைத் தனியா வெச்சுக்கலாம். காலைல ஒண்ணு, சாப்பாட்டுக்கப்புறம் ஒண்ணு. யாரும் கவனிக்க மாட்டாங்க” என்றார்.

எதைக் காலையில் வைப்பது என்ற கேள்வி, அரங்கத்தின் நேரம் யார் கையில் இருக்கிறதோ அவரிடமே போனது. கட்டம் சார் பலகை முன்னால் நின்றார். ஆசிரியர் விருதைக் காலையில் குத்தினார். பணியாளர் விருதை மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால் குத்தினார். பணியாளர் சங்கத்துக்காரர்கள், “நம்ம ஆளே நம்மளைக் கவுத்துட்டாரே” என்று வந்து கத்தினார்கள். அவர்களுக்கும் தண்ணீர் கொடுத்து இடமில்லை என்றார்.

பாராட்டுரை எழுத உட்கார்ந்தேன். ‘தம் மனைவிக்குக்கூடச் சலுகை காட்டாத பாரபட்சமற்ற பண்பாளர்’ என்று எழுதிவிட்டேன். எழுதியதும் உறுத்தியது. சரிபார்க்கச் சொல்லி டீச்சரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். படித்தார்.

“இது பாதிதான். மீதியையும் எழுதுங்க” என்றார்.

“சொல்லுங்க மேடம்.”

“என் மக வயித்துல இருக்கறப்ப லிஃப்ட் வேற மாசக்கணக்குல ரிப்பேர். படி ஏற முடியல. பொருளாதாரத்துல ஒரு அக்கா இருந்தாங்க. அவங்க கீழ் அறையை எனக்குக் குடுத்துட்டு மேலே போனாங்க. மூணாவது நாளோ என்னவோ, இவர் சுத்திப் பார்க்க வந்தார். வாசல்ல நின்னுக்கிட்டு, ‘மேடம், இது உங்க அறை இல்லைங்க’ன்னார். பசங்க எல்லாம் பார்த்துக்கிட்டு இருக்காங்க. நான் எழுந்து மேலே போனேன்.”

“அடப்பாவமே.”

“அவசரப்படாதீங்க. மறுநாள் வந்தா, மாடிப்படி திரும்பற இடத்துல எல்லாம் ஒரு நாற்காலி. எங்க வீட்டு நாற்காலி. விடியக்காலைலயே தோள்ல தூக்கிட்டு வந்து போட்டிருக்கார். ரெண்டு தரம் நடந்திருக்கணும்.”

“வீட்டுல அப்ப நாற்காலி?”

“கட்டில்ல உக்காந்து சாப்பிட்டோம். மக பொறக்கற வரைக்கும்.”

“அதோட உங்க கோபம் போயிடுச்சா மேடம்?”

“போகல. ஒவ்வொரு திருப்பத்துலயும் உக்காந்து உக்காந்து கோபப்பட்டேன்.”

நான் பேனாவை மூடப் போனேன். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீங்க மேலே வந்து கேட்டுட்டுப் போனீங்கல்ல, அன்னிக்குச் சாயங்காலம்தான் நானும் முதல் தடவையா அவர்கிட்ட கேட்டேன். ‘இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது மாத்தணும்னு தோணலையா உங்களுக்கு’ன்னு. என்ன சொன்னார் தெரியுமா? ‘பலகையில முதல்ல குத்தறது உன் அட்டைதான். காலை நேரம், கீழ்த்தளம், மரத்தடி அறை. எல்லா வருஷமும் அப்படித்தான் ஆரம்பிப்பேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருப்பேன். அப்புறம் எடுத்து மேலே குத்துவேன்’னார்.”

“கொஞ்ச நேரம்னா?”

“நானும் அதையேதான் கேட்டேன். ஒரு டீ குடிக்கற நேரமாம்.” டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். கீழே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. “அவ்வளவு நேரம் எனக்கும் நல்ல அறை இருந்திருக்கு. சொல்லியிருந்தா நானும் வந்து ஒரு டீ குடிச்சிருப்பேன்.”

இதையெல்லாம் எழுதித் தலைவரிடம் கொடுத்தேன். அவர் சிவப்பு மையால் நாற்காலிகளை அடித்தார். “இது விருது விழா, மரச்சாமான் கடை இல்லை.” பிறகு வயிற்றுப் பிள்ளையை அடித்தார். “வம்பு.” தேநீரையும் அடித்தார். மிச்சம் ஒன்றரை வரிதான் இருந்தது. “சின்னதா இருக்கே. ‘அனைவரிடமும் இன்முகம் காட்டுபவர்’னு ஒண்ணு போடுங்க” என்றார். போட்டேன்.

விழா நாள் காலை எல்லாம் சிறப்பாக நடந்தது. துணைவேந்தர் டீச்சருக்குக் கேடயம் கொடுத்தார். பிள்ளைகள் விசில் அடித்தார்கள். டீச்சர் சுருக்கமாகப் பேசினார். “எனக்குப் பாடம் நடத்தச் சொல்லிக்குடுத்தது நாலாவது மாடிக் கடைசி அறை. வேற யாருக்கும் அதைச் சிபாரிசு பண்ண மாட்டேன்” என்றார். கட்டம் சார் பின்வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் தட்டி முடித்த பிறகும் இரண்டு தட்டு தட்டினார்.

மதியம் பெரிய விருந்து. விருந்து முடிந்து துணைவேந்தர் கிளம்பிவிட்டார். பதிவாளர்தான் கேடயம் கொடுக்க வேண்டும். வெயிலுக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தார்கள். உண்ட மயக்கத்தில் அரங்கமே கிறங்கிக் கிடந்தது. முன்வரிசையில் தலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மேடையில் குழுத் தலைவரின் முகவாய் அவருடைய அடையாள அட்டையில் போய் முட்டியிருந்தது. நான் பாராட்டுரையை வாசித்தேன். ‘இன்முகம்’ வந்த இடத்தில் யாராவது சிரிப்பார்கள் என்று பயந்து நிறுத்தினேன். சிரிக்க ஆள் விழித்திருக்க வேண்டும். கட்டம் சார் மேடையேறி, கேடயத்தை வாங்கி, சபையைப் பார்த்து நின்றார். எங்கோ ஓரிருவர் தட்டினார்கள். பிறகு மின்விசிறிச் சத்தம்தான். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து டீச்சர் எழுந்தார். ஒலிபெருக்கி அவருக்குத் தேவைப்படவில்லை.

“எல்லாரும் கொஞ்சம் கண்ணைத் திறங்க.”

ஜெனரேட்டரை ஜெயித்த குரல். திறந்தார்கள்.

“மேடையில நிக்கறவர்கிட்ட நேரமோ அறையோ மாத்திக் குடுங்கன்னு ஒரு தடவையாவது கேட்டவங்க எழுந்திருங்க.”

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு தத்துவத் துறைக்காரர் எழுந்தார். அப்புறம் இருக்கைகள் படபடவென்று மடங்கும் சத்தம். வரிசை வரிசையாக எழுந்தார்கள். மேடையில் குழுத் தலைவர் திடுக்கிட்டு விழித்து, என்ன ஏது என்று தெரியாமலே எழுந்து, கேள்வியைக் கேட்டறிந்த பிறகும் நின்றுகொண்டிருந்தார். பதிவாளரும் ஒரு காலத்தில் வகுப்பு எடுத்தவர்தான். நானும் ஒருமுறை பிரிவுபசார விழாவுக்கு இடம் கேட்டிருக்கிறேன். அரங்கமே எழுந்து நின்றது. எதுவும் கேட்காமல் நின்றிருந்தவர் டீச்சர் ஒருவர்தான்.

“இப்ப, கேட்டு அது கிடைச்சவங்க மட்டும் உக்காருங்க.”

ஒருவரும் உட்காரவில்லை.

பக்கத்தில் நிற்கிறவரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு முன்னும் பின்னும் பார்த்தார்கள். இத்தனை ஆண்டுகளும் தனக்குத்தான் கிடைக்கவில்லை, மற்ற எல்லோருக்கும் கட்டம் கொடுத்திருக்கிறார் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். “உமக்குமா?” என்று தத்துவத் துறைக்காரர் இயற்பியலைப் பார்த்துக் கேட்டது முன்வரிசை முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவி, கைதட்டலாக மாறி, அது நிற்கவே இல்லை. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று மறுநாள் செய்திக்குறிப்பில் நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை.

கட்டம் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வந்தார். “அரங்கத்தை ஆறு மணிக்குக் காலி பண்ணணும். நாடகக் குழுவுக்கு ஒத்திகை இருக்கு” என்றார். கொஞ்சம் யோசித்து, “நன்றி” என்றும் சொன்னார். துடைத்த கண்ணாடியைப் போட்டுக்கொள்ள மறந்து படியிறங்கியதில் தடுமாறினார். டீச்சர் போய் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“நன்றிங்க மேடம்” என்றார் அவர்.

அடுத்த பருவத்துக்கு அட்டவணை போடும் நாள் வந்தது. கட்டம் சார் அறை வாசலில் வழக்கமான வரிசை. அந்த வரிசையின் கடைசியில் டீச்சரும் நின்றிருந்தார். நான் வேறு வேலையாக உள்ளே இருந்தேன். முறை வந்ததும் டீச்சர் உட்கார்ந்தார். கட்டம் சார் தண்ணீர் கொடுத்தார்.

“சொல்லுங்க மேடம்.”

“முழங்கால் வலி சார். அறை மாத்தித் தரணும்.”

“டாக்டர் சீட்டு?”

டீச்சர் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். கட்டம் சார் முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார். அந்த டாக்டரிடம் கூட்டிப்போய், வெளியில் பெஞ்சில் காத்திருந்து கூட்டி வந்தவரே அவர்தான் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. எழுந்து பலகைக்குப் போனார். நான்காவது மாடியிலிருந்து அட்டையைப் பிடுங்கினார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதைக் கொண்டுவந்து கீழ்த்தளத்து மரத்தடி அறையில் குத்தினார். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய கட்டத்தில்.

“நேரம் அதேதானா சார்?” என்றார் டீச்சர்.

“மாடி ஏறக் கூடாதுன்னுதான் சீட்டுல இருக்கு மேடம். மத்தியானம் கூடாதுன்னு இல்லையே.”

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த சிரிப்பில் தண்ணீர் சிந்தியது. கட்டம் சார் துணி எடுத்து மேசையைத் துடைத்துவிட்டு, “அடுத்தவங்க வாங்க” என்றார்.

டீச்சர் இப்போது அந்த மரத்தடி அறையில்தான் வகுப்பு எடுக்கிறார். போன வாரம் நடைபாதையில் பார்த்தபோது, புது அறை எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

“ரொம்பக் கஷ்டம்” என்றார். “ஜன்னலைத் திறந்தா காத்து அப்படி வருது. பசங்களை எழுப்பவே முடியல. நேத்து எனக்கே கண்ணைக் கட்டிடுச்சு.”